ஓசிக் குளிர்

அரிசோனா பாலைவனத்துக் குளிர்கால வெயில், வீடாகிவிட்ட அந்த வண்டியின் படியில் இப்போதுதான் ஏறுகிறது. கேஸை மிச்சம்பிடிக்க, கேஸில் ஓடும் ஃபிரிட்ஜை ராத்திரி அணைத்த நோர்மா, கணவனின் இன்சுலின் குப்பியை அந்தப் படியில்தான் வைத்திருந்தாள். எடுத்துவந்து குலுக்குகிறாள், உறைந்து கல்லாகக் கிடக்கிறது. "குளிர்தான் ஓசியில கெடைக்குதேன்னு பீத்திக்கிட்டியேடி!" போர்வைக்குள்ளிருந்து வெர்ன் சிரிக்கிறான். "உறைஞ்சா வேலைக்காவாதுன்னு டப்பாவுல போட்டிருக்கு, வெர்ன்." "போட்டிருப்பான். பென்ஷன் வர்ற வரைக்கும் வேற எது இருக்கு?" அவள் குப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்கிறாள். வெர்ன் சட்டையைத் தூக்கி, வயிற்றைக் காட்டியபடி காத்திருக்கிறான். இளகிய மருந்து ஊசிக்குள் தெளிவாக ஏறுகிறது, நல்ல மருந்தைப் போலவே. விறைத்த விரல்களை நோர்மா வாயால் ஊதிச் சூடாக்கிக்கொள்கிறாள். ஹீட்டரைப் போட இருவருக்கும் இன்னும் மனம் வரவில்லை.