பத்து நம்பர் ஸ்பேனர்

"இப்ப எதுக்கு வண்டி ஓரங்கட்டுது?"

அவள் கேட்டது கணவனைத்தான். ஆனால் பார்த்தது முன்கண்ணாடியை.

"பானெட்டைத் தூக்கி வச்சுட்டு நிக்கிறாங்க பாரு. வயசானவங்க வேற." மெக்கானிக்கான அவன் அதற்குள் இண்டிகேட்டரைப் போட்டுவிட்டான்.

"காலையிலேருந்து இது மூணாவது. முதல்ல பால் வேன், அப்புறம் ஸ்கூட்டர் டீச்சர், இப்ப இது. பதினோரு மணிக்குப் பேரைக் கூப்பிடுவாங்க. கூப்பிடும்போது ரெண்டு பேரும் நேர்ல நிக்கணும். போன ரெண்டு தடவையும் இப்படித்தான் கோட்டை விட்டோம்."

"அஞ்சே நிமிஷம்."

அவனுடைய ஐந்து நிமிஷங்களோடு பதினெட்டு வருஷம் குடித்தனம் நடத்தியவள் அவள். கல்யாணத்துக்குப் போனால் மண்டபத்தைப் பெருக்கிக்கொண்டிருப்பார்கள். சினிமாவுக்குப் போனால் இடைவேளை விட்டிருப்பார்கள். அதையெல்லாம் கூடச் சிரித்துவிட்டுப் போகலாம். அவளுடைய அப்பாவுக்கு முடியவில்லை என்று ஆஸ்பத்திரிக்கு ஓடிய அன்றைக்கும் வழியில் ஒரு லாரிக்கு ஃபேன் பெல்ட் மாட்டிவிட்டுத்தான் கிளம்பினான். போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அதை அவளால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

காலை எட்டரைக்கே அக்கா வீட்டு வாசலில் ஃபைலும் கையுமாக நின்று இந்தக் காரில் ஏறினாள். இப்போது மணி பத்தாகப் போகிறது. பாதி தூரம்தான் வந்திருக்கிறார்கள்.

வெளியே பெரியவர் புலம்புவது கேட்டது. "சாவியைத் திருப்பினா டிக் டிக்னு சத்தம் வருது தம்பி. வேற ஒரு அசைவும் இல்ல."

பேட்டரி டெர்மினல் லூஸ் என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. மெக்கானிக் பெண்டாட்டிக்கு இவ்வளவு வைத்தியமாவது தெரியாதா? இரண்டு நிமிஷ வேலை. இந்த ஒரு தடவையாவது சீக்கிரம் கிளம்பிவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள். கார் வெயிலில் கொதித்தது. இறங்கி, குடையோடு நின்ற பெரியம்மாவிடம் போனாள்.

"ஒரு மணி நேரமா நிக்கிறோம்மா. எத்தனை வண்டி போச்சு! உன் வீட்டுக்காரர் ஒருத்தருக்குத்தான் மனசு வந்துச்சு. தங்கமான மனுஷன்."

"தங்கம்தான், ஊருக்கு," என்றாள். "ரோட்டுல எந்த வண்டி நின்னாலும் அவர் கண்ணுக்குத் தெரிஞ்சிடும். வீட்டுக்குள்ள ஒருத்தி நின்னு போனது மட்டும் தெரியாது."

பெரியம்மா அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டு சிரித்தாள். "இவர் மட்டும் என்னவாம்? வண்டியைக் காட்டுங்க, வண்டியைக் காட்டுங்கன்னு ஒரு வாரமாக் கத்தினேன். காதுல வாங்கினாத்தானே!"

பத்து நிமிஷமாயிற்று. பதினைந்தும் ஆயிற்று. இரண்டு நிமிஷ வேலைக்கு என்ன இவ்வளவு நேரம்? நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று அவள் அவன் பின்னால் போய் நின்றாள். அவன் பார்க்கவில்லை.

பத்து நம்பர் ஸ்பேனரால் டெர்மினலை இறுக்கினான்.

"ஸ்டார்ட் பண்ணட்டுமா தம்பி?" என்று ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்த பெரியவர் குரல் கொடுத்தார்.

"இருங்க சார், இன்னும் ஒரு தடவை பாத்துடறேன்."

இறுக்கிய அதே போல்ட்டைக் கழற்றினான். பளிச்சென்றிருந்த கிளாம்ப்பைத் துணியால் துடைத்தான். மாட்டினான். இறுக்கினான். கைக்கடிகாரத்தைப் பார்த்தான். மறுபடியும் கழற்றினான்.

லாரி இன்ஜினையே கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுகிற கை அது.

அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. பால் வேனுக்கு அரை மணி நேரம் ஆனது ஏன், போன இரண்டு தடவையும் வழியெல்லாம் வண்டிகளாக முளைத்தது ஏன் என்று ஒவ்வொன்றாகப் புரிந்தது. நன்றாகத் திட்டலாம் என்று வாயைத் திறந்தாள். அவன் முதுகில் சட்டை வியர்த்து ஒட்டியிருந்தது. தோள் ஒரு பக்கம் சரிந்திருந்தது. இத்தனை வருஷத்தில் இந்த மனுஷன் வாய்விட்டு எதையும் கேட்டதே இல்லை என்று தோன்றியது. திட்டுவதற்கும் அவளிடம் தெம்பில்லை.

இரண்டடி பின்னால் வந்து, செருமினாள்.

அவன் பதறிப்போய் போல்ட்டை இறுக்கினான். "ஆச்சு சார், ஸ்டார்ட் பண்ணுங்க."

ஒரே திருப்பில் வண்டி உறுமியது. பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

இருவரும் காரில் ஏறினார்கள். கிரீஸ் அப்பிய கையாலேயே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வேகமாக ஓட்டினான்.

"பயப்படாத. பதினொண்ணுக்குள்ள போயிடலாம்," என்றான். "இனிமே எங்கயும் நிறுத்தலை."

"ம்."

பத்தே முக்காலுக்கு ஊர் எல்லை வந்தது. அதற்கு மேல் இரண்டு சிக்னல்தான்.

"ஏங்க," என்றாள் அவள். மூன்று மாதமாக அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை. அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். "அதோ, ஓரமா ஒரு கார் நிக்குது பாருங்க."

"அவன் போன் பேசிட்டு நிக்கிறான். வண்டிக்கு ஒண்ணும் ஆகலை."

"இருந்தா என்ன, எறங்கிப் போய்க் கேளுங்க. பதினொண்ணு தாண்டற வரைக்கும் மெதுவாக் கேளுங்க," என்றவள், மடியிலிருந்த விவாகரத்து ஃபைலைப் பின்சீட்டில் போட்டுவிட்டு, பத்து நம்பர் ஸ்பேனரை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.