ஆடுகள் ஒதுங்கும் வேளை

இங்கிலாந்தின் நார்ஃபோக்கில், ரயில் வருவது நின்றுபோன ஒரு கிராமத்து ஸ்டேஷனை வீடாக்கிக் குடியிருந்தார்கள் மேவிஸும் அவள் கணவன் ரெஜும். பெண்கள் காத்திருந்த அறைதான் இப்போது சமையலறை. தண்டவாளம் பெயர்த்த பள்ளத்தில் ஆடுகள் மேயும். தேநீர் வேளையானால் எல்லாம் ஒதுங்கி வழிவிடும்.

“போன வாரம் பொறந்த குட்டிக்கு ரயிலைப் பத்தி என்னடி தெரியும்?” பள்ளத்தில் அவரைக்குக் கொம்பு நட்டபடி சிரித்தான் ரெஜ்.

ஆடுகள் ஒதுங்கின.

“பேச்செல்லாம் அப்புறம். முதல்ல மேல ஏறு மனுஷா!” என்று கத்தினாள் மேவிஸ்.

முணுமுணுத்துக்கொண்டே பிளாட்பாரத்தில் ஏறினான். நட்ட கொம்புகள் வரிசையாகச் சாய்ந்தன. பிளாட்பாரக் கூரை விளிம்பில் பல் பல்லாய்த் தொங்கும் அலங்காரப் பலகைகள் மேற்கிலிருந்து கிழக்காக ஒவ்வொன்றாய் நடுங்கி அடங்கின. சமையலறைக் கதவு திறந்து, மெல்லச் சாத்திக்கொண்டது.

மேவிஸ் உள்ளே போய்த் தண்ணீர் கொதிக்கவைத்தாள். மூன்றாவது கோப்பையை எடுத்து வைத்தவன் ரெஜ்தான்.