மஞ்சனீக்கீ

முற்றுகையின் நாற்பதாம் நாளும் இத்ரீஸ் தன் அரபு அகராதியை எழுதிக்கொண்டிருந்தார். மதிலுக்கு வெளியிலிருந்து பறந்து வந்த பாறை ஒன்று பக்கத்து வீட்டை இடித்துத் தள்ளியது.

“கல்லை வீசுற அந்தப் பொறிக்கு அரபுல என்ன பேரு?” என்று கேட்டாள் மனைவி சுலைஹா.

“மஞ்சனீக். நிறைய இருந்தா மஜானீக்.”

“அதை இயக்குறவனுக்கு?”

அவர் எழுதுவதை நிறுத்தினார். போன வருடம் கோபித்துக்கொண்டு எதிரிப் படையில் சேர்ந்த அவர்கள் மகன் ஹாரிஸ்தான் அதை இயக்குகிறான் என்று ஊரே சொன்னது.

“மஞ்சனீக்கீ” என்றார்.

“அதை மட்டும் எழுதாதீங்க.”

அவர் எழுதினார்.

சுலைஹா மகனின் பழைய மஞ்சள் சட்டையோடு மொட்டைமாடிக்கு ஏறி, மதிலைப் பார்த்து அசைத்தாள். “நம்ம வீடு இதுன்னு அவனுக்குத் தெரியட்டும்.”

பின்னாலேயே வந்த இத்ரீஸ் கேட்டார்: “அக்கம்பக்கத்துல இருக்கிறவங்க எதைக் காட்டுவாங்க?”

அவள் கை தாழ்ந்தது. ஆனால் அவள் இறங்கி வரவில்லை.