மஸ்னாவின் கடைசிப் பலகை

"மறுபடியும் துடிக்குது ஹில்மி."

வெளியே அலைவரிசைத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த பொறியாளர் லியூவின் குரல் ஒலிபெருக்கியில் கேட்டது. சோதனை அறைக்குள் ஹில்மி அந்தக் கரும் இறக்கைப் பலகையை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தான். சுவரெங்கும் நுரைக் கூம்புகள். அங்கே எதுவும் எதிரொலிக்காது; பேசினால் குரல் வாயருகிலேயே செத்துப்போகும்.

"அதே மாதிரியா பாஸ்?"

"அதே மாதிரிதான். மூணு துடிப்பு, ஒரு நிறுத்தம். அப்புறம் ரெண்டு. மேஜையில கிடந்தா பொணமாட்டம் கிடக்கு. நீ தூக்கினா உயிர் வருது."

விமானத்தின் பாரத்தைத் தாங்கப்போகும் பலகை அது. கரியிழைத் துணிகளை அடுக்கி, நடுவே நூல் கனத்தில் சின்னஞ்சிறு ஆன்டெனாக்களைப் பதித்து, சூட்டில் இறுக்கியது. அடுக்கியவர்கள் மஸ்னாவும் சாடியாவும். கடைசித் துணியைப் பரப்பிய அன்றே மஸ்னா அந்த மேஜைமேல் தலை சாய்த்தாள், எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள்.

வாசலில் நின்ற சாடியா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அவதான் தம்பி. டீ நேரத்துல அவளுக்குன்னு ஒரு துண்டு குயே பலகாரம் எடுத்து வைப்பியே, மறப்பாளா? உன்கிட்ட ஏதோ சொல்ல வர்றா."

"நோன்பு வச்சுக்கிட்டுப் பேய்க்கதை பேசாதீங்க அக்கா."

சொன்னானே தவிர, அவன் உதடுகள் மஸ்னாவுக்காக ஃபாத்திஹா ஓதின. முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது. காலையில் படியேறும்போதும் இப்படித்தான். நோன்புக் களைப்பு என்று நினைத்துக்கொண்டான்.

"ஆன்டெனா கோளாறுன்னு எழுதினா நாளைக்கே பலகைய அறுத்துடுவாங்க," என்றான் லியூ. "அக்கா வேலையும் அதோட போகும். எழுதாம இருக்கவும் முடியாது. நான் என்ன செய்ய?"

"கொஞ்சம் பொறுங்க பாஸ். என் கை ஆடியிருக்கும். இன்னொரு தடவ பாத்துடலாம்."

அந்த வளைவுக்கு ஏற்ற தாங்கி இன்னும் வந்து சேரவில்லை. யாராவது கையால் பிடித்துத்தான் ஆக வேண்டும். ஹில்மி மறுபடியும் பலகையை இறுக்கிப் பிடித்தான்.

சாடியா உள்ளே வந்துவிட்டாள். "கொடு இப்படி. வாழைத்தண்டாட்டம் வெளுத்துப்போயிருக்க. என் வேலைக்காக நீ ஏன் கால் கடுக்க நிக்கணும்?"

"உங்களுக்குப் பயமில்லையா?"

"என் கூட்டாளி எனக்கா கெடுதல் செய்வா? போய் உட்காரு."

பிஸ்மில்லா சொல்லி அவள் பலகையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள். ஹில்மி தரையில் சரிந்து உட்கார்ந்தான்.

அங்கிருந்தே ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தான்.

"நின்னுடுச்சா பாஸ்?"

"இல்ல. துடிக்குது. ஆனா இப்ப ஒழுங்கா துடிக்குது. ஒண்ணுகூட விட்டுப்போகல." லியூவின் குரல் தாழ்ந்தது. "பலகை நல்லாத்தான் இருக்கு அக்கா. அதுக்குக் காது ரொம்பக் கூர்மை. யார் பிடிச்சிருக்காங்களோ, அவங்க நெஞ்சு துடிக்கிறதத்தான் காட்டுது."

"அல்ஹம்துலில்லாஹ். வேலை தப்பிச்சுது," என்று சாடியா சிரித்தாள். ஹில்மியும் சிரிக்கப் பார்த்தான்.

"அக்கா, பலகை உடைஞ்சாலும் பரவாயில்ல, கீழ போட்டுட்டு ஹில்மியப் பிடிங்க," என்றது ஒலிபெருக்கி. "அந்த நிறுத்தமெல்லாம் அவனோடது."