தேசப்பனின் முறை

தேசப்பனைப் பரந்தாமன் கடைசியாக உயிரோடு பார்த்தது கனகம்மாசத்திரம் பஸ் நிறுத்தத்தில்தான். இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றி, முதுகைப் பின்னால் வளைத்து, வானத்தைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தான்.

"இன்னாடா, ஒரு டேங்க் ஓட்றதுக்குள்ள நாலு தடவ நிறுத்தின. இன்னும் நெளிஞ்சிகினு கீற?"

"பஸ் வருதான்னு பாக்கறேன் பாவா."

"பஸ்ஸு ஆகாசத்துலயா வருது?"

தேசப்பன் சிரித்துக்கொண்டே பஸ் ஏறினான். மூன்றாம் நாள் விடியற்காலை மார்வலி. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

பரந்தாமன் மனைவிக்கு அவன் தம்பி முறை. அதனால்தான் 'பாவா'. இருவரும் பாதிப் பாதி போட்டு, புல் வெட்டும் மிஷின் வாங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. தோப்பு, வரப்பு, கூப்பிட்ட இடமெல்லாம் போவார்கள். ஒரு டேங்க் பெட்ரோல் தீரும்வரை பரந்தாமன். அடுத்த டேங்க் தேசப்பன்.

தன் முறை முடிந்ததும் பரந்தாமன் மரத்தடியில் படுத்து முகத்தில் துண்டைப் போட்டுக்கொள்வான். மிஷின் சத்தம் நின்றால் துண்டை விலக்கிப் பார்ப்பான். தேசப்பன் ஏதாவது மரத்தில் சாய்ந்து நிற்பான்.

"ஆறடி ஆளு. வேலைன்னா மட்டும் உடம்பு வளையாது" என்று பரந்தாமன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான். காரியத்தன்று பந்தலில் உட்கார்ந்துகூட அதையேதான் சொன்னான்.

ஒரு மாதம் கழித்து, தேசப்பனின் மனைவி நிர்மலா வந்தாள்.

"அண்ணா, அவரு முறைக்கு நான் வரேன்."

"மணவூர் சின்னசாமிகிட்ட பேசிட்டேன்மா. உன் பங்க அவன் வாங்கிக்குவான்."

"பங்க வித்துட்டு எத்தினி நாளைக்குத் துன்றது? முறை இருந்தா நானும் எம்பொண்ணும் பொழச்சிக்குவோம்."

"கோச்சிக்காத. உங்க வீட்டு ஆளுக்குப் பாதி டேங்குக்கு மேல தாங்காது."



"ஒரு டேங்க் ஓட்றேன். நடுவுல நிறுத்தினா சின்னசாமியையே கூட்டிக்குங்க."

மறுநாள் மலையடிவாரத்து மாந்தோப்பில் வேலை. பூட்ஸ், முகத்துக்கு வலைக் கண்ணாடி எல்லாம் மாட்டிக்கொண்டு, பரந்தாமன் தோளில் பட்டையை மாட்டி, அதன் கொக்கியில் மிஷினைத் தொங்கவிட்டான். இரண்டு கைகளையும் எடுத்தான். பிளேடு தரைக்கு நாலு விரல் மேலே, ஆடாமல் நின்றது.

"பாத்துக்கோ. கொக்கி இடுப்பெலும்புக்கு ஒரு கை கீழ இருக்கணும். கைய விட்டா இப்படி நிக்கணும். அப்பதான் நிமிந்து நடந்து ஓட்ட முடியும். தோளும் வலிக்காது, கல்லுலயும் அடிக்காது."

கால்சட்டையைத் தூக்கி முழங்காலுக்குக் கீழே இருந்த தழும்பைக் காட்டினான்.

"மொத வாரம் உன் வூட்டுக்காரன் அவன் உசரத்துக்குப் பட்டைய எறக்கி ஓட்டிட்டு, அப்படியே என்கிட்ட குடுத்துட்டான். நானும் பாக்காம மாட்டினேன். பிளேடு தரையில எறங்கி, கல்லு தெறிச்சு, அஞ்சு தையல். அன்னிக்குப் போட்டேன் பாரு சத்தம்!"

"அப்புறம்?"

"அப்புறம் ஒரு நாளும் என் அளவு மாறினதில்ல. அவன் ஓட்டி முடிச்சதும் பழையபடி ஏத்தி வெச்சிடுவான். அந்த ஒண்ணுல மட்டும் சொன்ன பேச்ச கேட்டான்."

தன் டேங்கை முடித்துவிட்டு மிஷினைக் கொடுத்தான்.

நிர்மலாவும் நல்ல உயரம். பரந்தாமன் அவள் தோளுக்குத்தான் வருவான். பட்டையை மாட்டியதும் கொக்கி விலாவில் இடித்தது. கைகளை எடுத்தாள். பிளேடு முழங்கால் உயரத்தில் தொங்கியது. புல்லைத் தொட வேண்டுமானால் பாதி உடம்பு குனிய வேண்டும்.

"குனிஞ்சிகினேதான் ஓட்டணுமாண்ணா?"

"எவன் சொன்னான்? பட்டைய எறக்கு. அவன் வெச்ச எடத்துல மடிப்பு இருக்கும் பாரு, அதுல வை."

நிர்மலா இழுத்துப் பார்த்தாள். பட்டை நகரவில்லை.

"விடும்மா, பக்கிள் துரு புடிச்சிருக்கும்" என்று பரந்தாமன் எழுந்து வந்தான். அவனும் இழுத்தான். வரவில்லை. தோளில் படும் மெத்தையைப் புரட்டினான். அதற்கடியில் பட்டையை இரட்டையாக மடித்துப் பச்சை நூலால் நெருக்கித் தைத்திருந்தது. பொதட்டூர்பேட்டையில் லுங்கி நெய்கிற நூல்.

"இது என் தையலாச்சே" என்றாள் நிர்மலா.

"உன்னுதா?"

"மிஷின் வாங்கின புதுசுல பட்டைய மட்டும் கழட்டி எடுத்துகினு வந்தாரு. 'பாவா அளவு. ஒரு இஞ்சுகூட நகரக் கூடாது, கெட்டியா தெச்சிக் குடு'ன்னாரு. அவருக்கு வேற பட்டை இருக்குதுன்னு நெனச்சேன்."

பரந்தாமன் மடிப்பை விரலால் அளந்தான். அவள் தொடர்ந்தாள்.

"ஒரு நாள் விடாம முதுகுக்குத் தைலம் தேச்சுவிட்டேன். இன்னாத்துக்கு இப்படி வலிக்குதுன்னா, பஸ்ல எடம் கெடைக்கல, நின்னுகினே வந்தேன்னுவாரு."

மலைமேல் கோயில் மணி அடித்தது. பரந்தாமன் இடுப்பிலிருந்த கத்தியை எடுத்து, நூலை ஒவ்வொரு தையலாக அறுத்தான். நேரம் பிடித்தது. பட்டையை இறக்கினான். கொக்கி அவள் இடுப்புக்கு ஒரு கை கீழே வந்தது.

"கைய விடும்மா."

விட்டாள். பிளேடு தரைக்கு நாலு விரல் மேலே நின்றது.

"நிமிந்து நில்லு. இதான் உன் அளவு. உன் முறை முடிஞ்சதும் எனக்கு வேணுங்கறத நான் மாத்திக்கறேன். இனி தெனம் அப்படித்தான்."

"சின்னசாமி?"

"அவனுக்குச் சொல்லிக்கறேன்."

நிர்மலா மிஷினைக் கிளப்பிக்கொண்டு புல்லுக்குள் நடந்தாள். பரந்தாமன் அன்றைக்குப் படுக்கவில்லை.

அவள் தோளில் கிடந்த பட்டை வெயிலிலும் வியர்வையிலும் வெளுத்துப் போயிருந்தது. தையலுக்குள்ளிருந்து வெளியே வந்த ஒரு சாண் மட்டும், கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்த கறுப்பிலேயே இருந்தது.