கூரை போடும் நாள்

சுகாதார நிலையத்தின் புதிய குழந்தைகள் பிரிவுக்குக் கூரை போடுகிறோம். வாயாலேயே நாலு மாடி கட்டும் மேஸ்திரி நான். கலவை இயந்திர இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. பக்கத்துப் பழைய கட்டடத்திலிருந்து ஒரு தாய், காய்ச்சல்காரப் பிள்ளையைத் தோளில் சாய்த்தபடி என் காதருகே வந்து பேசுகிறாள். “மூணு நாளா தூங்கலண்ணே. இப்பத்தான் கண்ணு சொருகுது. ஒரு மணி நேரம் நிறுத்துங்களேன்.” “பாதியில நிறுத்தினா கான்கிரீட் ஒட்டாதும்மா. கூரை ஒழுகும்.” “யாருக்குண்ணே இந்தக் கூரை?” “பிள்ளைங்களுக்குத்தான்மா.” சொன்ன பிறகுதான் எனக்கே உறைக்கிறது. அவள் நாலு வார்த்தை திட்டினாலாவது தேவலை. உள்ளே போனாலும் இதே சத்தம்தான் என்பதால் அங்கேயே நிற்கிறாள்; பிள்ளையின் ஒரு காதைத் தோளோடு அழுத்தி, மறுகாதை உள்ளங்கையால் பொத்துகிறாள். இயந்திரத்தில் கொட்ட அடுத்த சட்டி ஜல்லியோடு நிற்கும் ஆள் என் முகத்தைப் பார்க்கிறான். அவளைப் பார்க்காமல், கொட்டு என்று கையைக் காட்டுகிறேன்.