தூக்கலான எழுத்து

"எழுத்து இன்னும் தூக்கலா நிக்கணும்மா. கேட்லருந்து பாத்தாலே கண்ணைப் பறிக்கணும்," என்றார் வரதன். கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலைத் தொழிலாளர்களுக்குத் தொப்பி ஆர்டர் கொடுத்த அதிகாரி அவர்.

எம்பிராய்டரி மெஷினுக்கு டிசைன் போடும் கிறிஸ்டினா பல்லைக் கடித்தாள். "எழுத்து தூக்கி நிக்க அடியில ஏற்கெனவே ரெண்டு ஃபோம் ஷீட் கீது சார். இன்னொண்ணு வெச்சா ஊசி ஒடைஞ்சிடும்."

"எனக்கே டிசைன் சொல்லித் தர்றியா?"

மகாமேதை சொன்னபின் அப்பீல் ஏது? மூன்றாவது ஃபோமும் பிதுங்காதபடி தையலை நெருக்கிப் போட்டுக் கொடுத்தாள்.

மறுவாரம் வரதன் போனில் அலறினார். "இன்னாம்மா பண்ணி வெச்சிக்கீற? தொப்பிக்கு மேல ஹெல்மெட் உக்காரவே மாட்டேங்குது. எல்லாரும் ஹெல்மெட்டைக் கழட்டிட்டு வெறும் தொப்பியோட வேலை செய்றானுங்க!"

கிறிஸ்டினா நிதானமாகக் கேட்டாள்: "அப்ப தொப்பியில 'பாதுகாப்பே முதல்'ங்கிற எழுத்து கேட்லருந்தே நல்லா தெரியுதா சார்?"